படகு இல்லாத போட் மெயில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன வேணும்னாலும் பேசுப்பா, உன் கம்பெனியைப் பத்தி மட்டும் பேசாதே" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நியாயந்தான். இந்த அரங்கில் பாதிப் பேர் இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் பார்க்கிறவர்கள். லீவு நாளிலும் உற்பத்தி, ரிஜெக்ஷன் என்று கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அதனால் ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ரயில் நிலையமா என்று சிலர் சிரிக்கிறீர்கள். சரிதான். இருங்காட்டுக்கோட்டைக்கு ரயில் கிடையாது. 1998 முதல் இங்கே கார் தயாராகிறது, அந்தக் கார்களில் ஒரு பகுதி வாலாஜாபாத் நிலையத்தில் ரயிலேறி வடநாடு போகிறது. ஆனால் காரைச் செய்கிற நாம் பூந்தமல்லி பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வந்தோம். கார் ரயிலில் போகிறது, காரைச் செய்தவன் பஸ்ஸில் போகிறான்! இந்த வேடிக்கையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

நான் சொல்ல வந்தது தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் பற்றி. இந்தியாவின் தென்கிழக்கு ஓரத்தில், இலங்கையைப் பார்த்துக்கொண்டு நின்ற கடைசி நிலையம். சுற்றுலா போனவர்கள் இடிந்த சுவர்களையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்திருப்பீர்கள். படம் எடுத்துக்கொண்டு, சங்கு வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். அந்தச் சுவர்களுக்குப் பின்னால் ஒரு பொறியாளன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது.

முதலில் வரலாறு. சென்னையிலிருந்து கொழும்பு போக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வழி தூத்துக்குடிதான். 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. அங்கே இறங்கி, கப்பலேறி, ஓர் இரவு கடலில் கழித்துக் கொழும்பு சேர வேண்டும். கடல் தூரத்தைக் குறைக்க வழி உண்டா என்று பார்த்தவர்களுக்கு வரைபடத்தில் ராமேஸ்வரம் தீவு தெரிந்தது. இலங்கை வரைக்கும் பாலமே கட்டிவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். செலவு கட்டுபடியாகவில்லை. கடைசியில், தீவு வரை பாலம், தீவின் முனையிலிருந்து கப்பல் என்று முடிவாயிற்று.

1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு கைகளைத் தூக்குவதுபோல் திறக்கும் ஷெர்சர் கண் ஒன்று. அதை ஆட்கள் நின்று கையால் சுழற்றித்தான் திறந்தார்கள். மெக்கானிக்கல் தம்பிகள் கவனிக்க வேண்டும்: மோட்டார் இல்லாமல், எதிர் எடையையும் பல்சக்கரத்தையும் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய இரும்பை மனிதக் கை தூக்கியது.

பாலம் வந்ததும் 'போட் மெயில்' தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்கு மாறியது. சாயங்காலம் எழும்பூரில் ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி. அங்கே கப்பல். சுமார் 22 மைல் கடல், இரண்டு மூன்று மணி நேரம். எதிர்க்கரையில் தலைமன்னார் துறைமேடையிலேயே ரயில் காத்திருக்கும். அதில் தூங்கி எழுந்தால் கொழும்பு. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். நடுவில் கடல் இருப்பது டிக்கெட்டுக்குத் தெரியாது!

இப்போது அந்த நிலையம் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். சாதாரண ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பார்கள், சிக்னல் போடுவார்கள், பார்சல் ஏற்றுவார்கள். எல்லையோர ஸ்டேஷனில் அதெல்லாம் இருக்கும், கூடவே இன்னும் நாலு வேலை இருக்கும். சுங்கச் சோதனை, துறைமுக அலுவலகம், தபால் தந்தி, உடல்நலப் பரிசோதனை. தனுஷ்கோடியில் இவற்றைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது. ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கோயிலும் மாதா கோயிலும் இருந்தன. மீனவர்கள், போர்ட்டர்கள், ரயில்வேக்காரர்கள், கருவாட்டு வியாபாரிகள், ராமேஸ்வரத்து யாத்திரிகர்கள் என்று எப்போதும் ஜனம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. நம் பக்கத்து ரயில் மீட்டர் கேஜ். இலங்கை ரயில் ஐந்தடி ஆறங்குல அகலப் பாதை. கடலைத் தூர்த்துத் தண்டவாளம் போட்டிருந்தாலும் ஒரே ரயில் அந்தக் கரைக்கு ஓடியிருக்க முடியாது. தடம் வேறு, கடல் குறுக்கே, பின்னால் நாடும் வேறாயிற்று, பாஸ்போர்ட்டும் வந்தது. இத்தனை இருந்தும் அரை நூற்றாண்டு அந்தச் சேவை நடந்தது. எப்படி நடந்தது? இந்தப் பக்கத்து நேர அட்டவணையும் அந்தப் பக்கத்து நேர அட்டவணையும் ஒன்றையொன்று பார்த்துப் போடப்பட்டன. கப்பலுக்காக ரயில் காத்திருந்தது, ரயிலுக்காகக் கப்பல் காத்திருந்தது. ஒருவர் பொறுப்பு முடிகிற இடத்தில் அடுத்தவர் பொறுப்பு தொடங்கியது. நம் தொழிலில் இதை 'ஹேண்ட் ஓவர்' என்கிறோம்.

அந்த வழியின் எல்லாப் பக்கமும் இனிப்பானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி போகிற வழியில் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு நிலையம் உண்டு. முகாம் என்ன முகாம் என்று யாராவது கேட்டீர்களா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களை, காலரா, பிளேக் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அங்கே நிறுத்தி வைத்தார்கள். நாட்கணக்கில் வைத்திருந்து, சோதித்து, பிறகுதான் கப்பலேற்றினார்கள். முதல் வகுப்புப் பயணிக்கு அது சுகமான வழி. மூட்டை முடிச்சோடு போன குடும்பத்துக்கு அது சோதனைச் சாவடி. ஒரே பிளாட்பாரம், இரண்டு விதமான சேவை.

என் முப்பாட்டனார் அப்படிப் போனவர்களில் ஒருவர். அதனால்தான் இந்த நிலையம் எனக்கு வெறும் பொது அறிவு இல்லை.

இனி 1964. அந்த ஆண்டு அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவாயிற்று. மீதி இருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி 1974-ல் தனியாகப் பேசி, பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இந்த 5,25,000 பேரும் வர வேண்டிய வாசல் எது? தலைமன்னார், தனுஷ்கோடி வழிதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐம்பத்து மூன்றாம் நாள், டிசம்பர் 22 இரவு, புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டது. ஊருக்கு வெளியே சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்து வண்டியை எடுத்தார் என்று சொல்லுவார்கள். பேரலை அடித்து ரயிலை அப்படியே சாய்த்துவிட்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. யாரும் பிழைக்கவில்லை. புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்தார்கள். வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது.

அந்த டிரைவரைப் பற்றி நான் பல தடவை நினைத்திருக்கிறேன். இருட்டு, மழை, தந்திக் கம்பி அறுந்து கிடக்கிறது, யாரிடமும் கேட்க முடியாது. போவதா நிற்பதா என்ற முடிவை ஒரு தனி மனிதன் தலையில் போட்டுவிட்டோம். இன்றைக்குப் பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். டிரைவர் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல பாதுகாப்பு ஏற்பாடு என்பது இதுதான், தம்பிகளே. ஆள் தைரியசாலியா இல்லையா என்பதை நம்பி அது இருக்கக் கூடாது.

அந்தப் புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. நடுவில் இருந்த ஷெர்சர் கண் தப்பியது, மற்றக் கண்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலையை நடத்திய இளம் பொறியாளர் 46 நாளில் முடித்தார். அவர்தான் பிற்காலத்தில் கொங்கண் ரயில்வே, டில்லி மெட்ரோ என்று புகழ் பெற்ற இ. ஸ்ரீதரன். அப்போது அவருக்கு வயது 32. எப்படி முடிந்தது? புது கர்டர்கள் எங்கிருந்தாவது வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், கடலில் விழுந்தவற்றையே தேடித் தூக்கி மறுபடி பொருத்தினார்கள். கர்டர்கள் கடலில் எங்கே கிடக்கின்றன என்று காட்டியவர்கள் மீனவர்கள். அந்த 46 நாளில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

எல்லோரும் கதையை இந்த இடத்தில் முடித்துக் கைதட்டுவார்கள். நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாலம் 46 நாளில் வந்தது. தனுஷ்கோடி நிலையம் வந்ததா? அறுபது வருஷம் ஆகியும் வரவில்லை. இரும்பு இல்லாமலா, ஆள் இல்லாமலா? இல்லீங்க. இரும்பைத் திரும்ப நிறுத்துவது ஒரு முடிவு, சேவையைத் திரும்ப நடத்துவது வேறொரு முடிவு. முதலாவதைப் பொறியாளர் எடுக்கலாம். இரண்டாவதற்கு இரண்டு கரையிலும் ஆள் வேண்டும்.

புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. கப்பலின் பெயர் 'ராமானுஜம்'. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆட்களாகிய நமக்கு அந்தப் பெயர் சொந்தக்காரர் பெயர் மாதிரி இருக்கும். அந்தக் கப்பலில்தான் என் தாத்தா குடும்பம் 1971-ல் வந்து இறங்கியது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து புறப்பட்டார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த அந்த ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்கள். கோச்சி என்றால் அங்கே ரயில். போகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். பாதிக் குடும்பத்துக்கு இந்தியா, பாதிக் குடும்பத்துக்கு இலங்கை என்று எழுதியிருந்தால் அழாமல் என்ன செய்வார்கள்?

கையில் இருந்தது கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, நாலு பாத்திரம். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயசு. ராமேஸ்வரத்தில் சுங்கச் சோதனை முடிந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நீலகிரிக்கு ரயிலேறினார்கள். எது நம்ம வண்டி, எந்தப் பெட்டி என்று தெரியாமல் நின்றபோது, ரயில்வே ஊழியர் ஒருவர் டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கி உள்ளே வைத்து, "இறங்குற ஊர் வந்ததும் கார்டு வந்து சொல்லுவார், பயப்படாதீங்கம்மா" என்று பாட்டியிடம் சொன்னாராம். ஐம்பது வருஷம் கழித்தும் அப்பா அதைச் சொல்லுவார். ஒப்பந்தத்தில் எத்தனை ஷரத்து இருந்தது என்று அவருக்குத் தெரியாது. 'பயப்படாதீங்கம்மா' என்ற சொல் தெரியும். எல்லையோர நிலையத்தின் சேவை என்றால் எனக்கு அதுதான்.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு நிலைமை முற்றி, எண்பதுகளின் நடுவில் கப்பலும் நின்றது. 1990-ல் தலைமன்னார் ரயிலும் நின்றது. சென்னை, ராமேஸ்வரம் வண்டிக்கு மட்டும் 'போட் மெயில்' என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட் எங்கே என்று கேட்டால் டிக்கெட் பரிசோதகர் சிரிப்பார்.

இப்போது உள்ள நிலைமையைப் பாருங்கள். 2007-ல் ராமேஸ்வரம் பாதை அகலப் பாதையாகிவிட்டது. அதாவது இலங்கையில் இருக்கிற அதே 1,676 மில்லிமீட்டர். 2015 மார்ச் 14-ல் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் வந்தது, அந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்ததே நம் நாட்டு ரயில்வே நிறுவனம். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக் கண், லிப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. கையால் சுழற்றிய காலம் போய்விட்டது. தனுஷ்கோடி முனை வரை 2017-லேயே நல்ல ரோடும் வந்துவிட்டது.

ஆக, தடம் வேறு வேறாக இருந்தபோது பயணம் இருந்தது. தடம் ஒன்றானபோது பயணம் இல்லை. நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயந்தான்.

1974-ல்தான் அந்தக் கடலில் எல்லைக்கோடு என்று ஒன்றை ஒப்பந்தம் போட்டு வரைந்தார்கள். தனுஷ்கோடி நிலையம் உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் கோடே இல்லை. கோடு வந்த பிறகு இரண்டு பக்கத்து மீனவர்கள் படும் பாட்டை நாளிதழில் படிக்கிறோம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். தடுமாறினாலும் அது நல்ல ஆரம்பம். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி தண்டவாளம் போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ரயில் ஓட வேண்டுமா என்பதில் எனக்கே இரண்டு மனசு உண்டு. மணலும் கடலும் இடம் மாறுகிற அந்த முனையில், 1964-ஐ மறந்துவிட்டுக் கட்டக் கூடாது. வெறும் சுற்றுலாவுக்கு என்றால் ரோடு போதும். எதிர்க்கரைக்குப் போகும் சேவை வருமானால் அப்போது கணக்கே வேறு. எந்த நிலையம் என்பதை அடுத்து முடிவு செய்துகொள்ளலாம், எதற்கு நிலையம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பதினான்கு வருஷமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பாகம் உடைந்தது என்று வரும் புகாரைவிட, பாகம் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்று வரும் புகார்தான் தீர்க்கக் கஷ்டம். சப்ளை செய்தவரின் அளவும் சரி, அசெம்பிளி லைனின் அளவும் சரி, நடுவில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. நாம் படித்ததெல்லாம் பொருளைப் பற்றி. வேலைக்குப் போனதும் சந்திப்பதெல்லாம் ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சேரும் இடத்தைப் பற்றி, ஒரு ஷிப்ட்டும் அடுத்த ஷிப்ட்டும் மாறும் நேரத்தைப் பற்றி. எல்லாத் தொழிற்சாலையிலும் ஒரு தனுஷ்கோடி இருக்கிறது. அங்கே நல்ல ஆளை நிறுத்துங்கள். முடிந்தால் நீங்களே போய் நில்லுங்கள்.

கடைசியாக நம் ஊர். ஆவடியையும் கூடுவாஞ்சேரியையும் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வழியாக இணைக்கும் ரயில் பாதை பற்றிப் பல வருஷமாகப் பேச்சு நடக்கிறது. என்றைக்காவது அது வரும். நம்மில் சிலரே அந்த வேலையில் இருக்கலாம். அன்றைக்குக் கார் ஏற்றும் சரக்கு மேடைக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குப் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும் பெண்ணுக்கு வெளிச்சமான நடைபாதை உண்டா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் முதல் தடவை வந்து இறங்கும் பையன் வழி கேட்க ஓர் ஆள் உண்டா? ரயில் வரும் நேரத்துக்கு ஒரகடம் பஸ் உண்டா? அவனுக்கும் இது ஓர் எல்லைதான், மொழி எல்லை. ஆந்திராவைத் தாண்டிய பிறகு எந்தப் போர்டும் அவனுக்குப் புரியவில்லை. அவனிடம் 'பயப்படாதே' என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் அது ஸ்டேஷன். இல்லாவிட்டால் வெறும் கட்டடம்.

எங்கள் குடும்பம் இரண்டு தடவை அந்தக் கடலைத் தாண்டியது, இரண்டு தடவையும் வேறு யாரோ எடுத்த முடிவினால். மூன்றாம் தடவை ஒன்று இருந்தால், அது ஹட்டனில் இருக்கும் என் அத்தை பேரப்பிள்ளைகளைப் பார்க்க, நானே டிக்கெட் வாங்கிப் போவதாக இருக்க வேண்டும் என்று ஆசை. விமானத்தில் போகலாமே என்பீர்கள். போகலாம். ஆனால் போட் மெயிலில் போக வேண்டும், நடுவில் நிஜமாகவே ஒரு போட் இருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். சாப்பாடு தயாராகிவிட்டது என்று அங்கிருந்து சைகை வருகிறது. ஆகவே என் வண்டியை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.